கன்னுக்குட்டி என்ன விலை?

காரைக்குடியில் மதுரை ரோட்டு பஸ் ஏறினால், இடம் பிடித்து உட்காருவதற்குள் மானகிரி வந்துவிடும். ஆபீஸ் நண்பரின் ஊர். இறங்கியதும் டீக்கடை. பெஞ்சில் இரண்டு இளவட்டங்கள் காரசாரமாக மோதிக்கொண்டிருந்தார்கள். வேறென்ன, சென்னை டீம்தான்!

2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரணையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். அடுத்த மாதம் ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு பொடியன்களுக்கு ஆளுக்கு 14.20 கோடி!

"இந்தியாவுக்கு ஒரு மேட்ச்கூட ஆடாத பயலுக்கா?" என்று கொதித்தான் ஒருத்தன்.

"நம்ம வருண் சக்கரவர்த்தி? 2018-ல பஞ்சாப் 8.40 கோடிக்கு எடுத்துச்சு. ஒரே மேட்ச் ஆடவச்சு விட்டுடுச்சு. கொல்கத்தா 4 கோடிக்குத் தூக்கிட்டுப் போயிடுச்சுல்ல?" என்றான் மற்றவன்.

நானும் என் பங்குக்கு அமெரிக்க பேஸ்பால் கதையை எடுத்துவிட்டேன். 1987-ல் டெட்ராய்ட் டீம், 36 வயது டாயில் அலெக்ஸாண்டரை வாங்க, ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற 20 வயதுப் பையனை அட்லாண்டாவுக்குக் கொடுத்தது. வந்தவர் 9 மேட்ச் ஜெயித்துக் கொடுத்தார், ஒன்றுகூடத் தோற்கவில்லை. ஆனால் 1989-உடன் அவர் ஆட்டம் முடிந்தது. போன பையனோ 2008 வரை அட்லாண்டாவின் தூண்!

ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியவர் சிரித்தார். "அந்தக் கதை என் வீட்டுலயே ஓடுது தம்பி."

எதிரே புளியமரத்தடியில் ஒரு புலிக்குளம் காளைக்கன்று. இன்னும் பல்லுகூடப் போடவில்லை. அதைக் கொடுத்தால் பதிலுக்கு நல்ல கறவை மாடு தருவதாகப் பக்கத்து ஊர்க்காரர் கேட்கிறாராம்.

"கொடுத்துட வேண்டியதுதானே அய்யா?"

"கறவை நாளைக்கே பால் தரும். இது சிராவயல் மஞ்சுவிரட்டுல நின்னு விளையாட மூணு வருஷமாகும். விளையாடாமலும் போகலாம். அதுவரைக்கும் தீவனம் போட்டுக் காத்திருக்கிறவனுக்குத்தான் கன்னு. அவசரக்காரன் கறவையை வாங்கிக்கணும். ரெண்டும் தப்பில்லே."

"நீங்க என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

"நான் காத்திருக்கத் தயார். வீட்டுக்காரிதான் கறவை வேணும்னு நாலு நாளா பேசறதில்லே."

கடைக்காரர் அவர் முன்னால் கிளாஸை வைத்தார். வரக்காப்பி.

"பால் ஊத்தலியா அய்யா?"

"பாலுன்னாலே இப்ப பயமா இருக்கு தம்பி!"