புல்மேன்: வாடகைக்கு விட்ட ஊர்

சிகாகோ என்றதும் நமக்கு மே தினம் நினைவுக்கு வரும். அதே நகரின் தென்கோடியில், 111ஆம் தெரு ரயில் நிலையத்தில் இறங்கினால் தொழிலாளர் வரலாற்றில் அழியாத இன்னோர் இடம் இருக்கிறது. படுக்கை வசதியுள்ள ரயில் பெட்டிகளால் பெரும் பணக்காரரான ஜார்ஜ் புல்மேன், தன் தொழிலாளிகளுக்காக 1880இல் கட்டத் தொடங்கிய ஊர் அது.

ஊர் அழகுதான். சோலன் பீமன் என்ற இளம் கட்டடக் கலைஞர் வடிவமைத்த செங்கல் வரிசை வீடுகள் இன்றும் கம்பீரமாக நிற்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்றைக்கூடத் தொழிலாளி சொந்தமாக வாங்க முடியாது. நூலகத்துக்குக் கட்டணம். பச்சைக்கல் தேவாலயத்துக்கும் வாடகை. அது கட்டுபடியாகாமல் எந்தச் சபையும் வராததால், கட்டி முடித்த பிறகும் சில ஆண்டுகள் அது சும்மா கிடந்தது. அதன் வாசலில் நின்றபோது, இந்த ஊரைப் புல்மேனின் பெருந்தன்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1893இல் பொருளாதாரம் சரிந்தது. நிறுவனம் கூலியில் ஏறக்குறைய கால்பங்கை வெட்டியது, வாடகையைக் குறைக்கவில்லை. ஜென்னி கர்ட்டிஸ் என்ற தையல் தொழிலாளியின் தந்தை 13 ஆண்டுகள் அங்கே உழைத்து இறந்தவர். அவர் வைத்துப்போன 60 டாலர் வாடகை பாக்கி மகளின் தலையில் விழுந்தது. பின்னர் வெடித்த வேலைநிறுத்தத்தை விசாரித்த குழுவின் முன் ஜென்னியே சொன்ன சாட்சியம் இது. கூலி கொடுக்கும் கையே வாடகையையும் வாங்கினால் தொழிலாளி யாரிடம் போய் முறையிடுவது?

1894 மே 11 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. யூஜின் டெப்ஸின் ரயில்வே சங்கம் புல்மேன் பெட்டிகளைத் தொட மறுத்ததும் நாட்டின் பெரும்பகுதியில் ரயில்கள் முடங்கின. ஜனாதிபதி கிளீவ்லேண்ட் ராணுவத்தை அனுப்பினார். போராட்டம் நசுக்கப்பட்டது, டெப்ஸ் சிறை சென்றார். 1898இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம், ஆலைக்குத் தேவையில்லாத சொத்துகளை விற்றுவிடும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. குடியிருப்பு அதன் பிடியிலிருந்து விடுபட்டது அப்படித்தான்.

ஒன்று மட்டும் நெஞ்சை உறுத்துகிறது. அந்த வீரமிக்க சங்கம் கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. புல்மேன் பெட்டிகளில் படுக்கை விரித்து, பயணிகளின் காலணி துடைத்த கறுப்பினப் போர்ட்டர்களை, பெயர் என்னவாக இருந்தாலும், 'ஜார்ஜ்' என்றே பயணிகள் அழைத்தார்கள். முதலாளியின் பெயர் அது. ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அந்தப் போர்ட்டர்கள் 1925இல் தனிச் சங்கம் கண்டு, 12 ஆண்டுகள் போராடி, 1937இல் நிறுவனத்தை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள்.

புல்மேன் இன்று தேசிய வரலாற்றுப் பூங்கா. போகிறவர்கள் மணிக்கூண்டுக் கட்டடத்தோடு திரும்பிவிட வேண்டாம். ராண்டால்ஃப் பெயரிலான போர்ட்டர் அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது. அதையும் அவசியம் பார்க்க வேண்டும்.