காப்பி செத்த மண்ணில் கொழுந்து

இலங்கையின் ஊவா மலைநாட்டில், பசறையைத் தாண்டியதும் பஸ் மலை ஏறத் தொடங்குகிறது. நான் மடுல்சீமை கடைத்தெருவில் இறங்கியபோது காலை ஆள்கணக்கான பிரட்டு முடிந்து பெண்கள் மலைக்குப் போய்விட்டிருந்தார்கள். ஒரு கங்காணி ஐயாவோடு அவர்கள் நிரை பிடித்திருந்த இடத்துக்கு ஏறினேன்.

ஐம்பதைத் தாண்டிய ஓர் அக்கா படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டியிருந்தார். தேயிலைத் தூரின் மேல் மட்டக்கம்பை வைத்துப் பார்த்து, அதற்கு மேலே நிற்கும் கொழுந்தைத்தான் எடுக்கிறார். இரண்டு இலையும் ஒரு மொட்டும். மொட்டு வளராமல் நின்றுபோன வங்கியை இளசாக இருக்கும்போதே ஒடித்துவிட வேண்டும்; விட்டால் தூர் அடுத்த துளிரைத் தாமதப்படுத்தும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேறு வேறு கிளைகளில் வேலை செய்கின்றன. கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் விழுகிறது கொழுந்து.

“முத்தின இலை இருந்தா நிறுக்கிற மடுவத்துல கழிச்சிடுவாங்க தம்பி. தண்ணிக்கும் கழிப்பாங்க. அதனால இங்கயே பாத்துப் பாத்துத்தான் எடுக்கணும்” என்றார். தோட்டம் கேட்கும் கிலோ வந்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். மழைநாளில் அட்டைக்கடி வேறு. ஒரு மலையை எடுத்து முடித்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதே மலைக்குத் திரும்ப வேண்டும், பிந்தினால் கொழுந்து முற்றிவிடும். சில வருடங்களுக்கு ஒருமுறை ஆண்கள் கவ்வாத்து வெட்டுகிறார்கள். வெட்டு சரிவாக விழ வேண்டும். தட்டையாக விழுந்தால் மழைநீர் தேங்கிக் கட்டை அழுகும். இந்தப் பக்குவத்துக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. தாயிடமிருந்து மகளும் தகப்பனிடமிருந்து மகனும் கற்றது.

தேயிலை ஆலையான ஸ்டோரில் வாட்டி, அரைத்து, புளிக்கவிட்டு, சுட்டு, சலித்து எடுக்கும்போது நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகச் சுருங்குகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாவில் வீசும் வறண்ட காற்றில் கொழுந்து மெதுவாக வளரும். அந்த மாதங்களின் தூளுக்கு வரும் வாசத்துக்காகவே உலகச் சந்தை காத்திருக்கிறது.

இந்த மலைகளில் முதலில் நின்றது காப்பி. 1869இல் மடுல்சீமைத் தோட்டமொன்றில் காப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி படர்ந்தது. இலங்கையில் காப்பித் துரு நோய் முதன்முதலாகக் கண்ணில் பட்டது இங்கேதான். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் துவைட்ஸ் அந்த இலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பூஞ்சையியலாளர் பெர்க்லி அந்தப் பூஞ்சைக்குப் பெயர் வைத்தார். இருபது வருடங்களுக்குள் இலங்கையின் காப்பித் தொழில் ஏறக்குறைய அழிந்தது.

தேயிலைக்கு வழி காட்டியவர் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். ஜேம்ஸ் டெய்லர் 1852இல், பதினேழு வயதுகூட நிரம்பாமல், காப்பித் தோட்டத்துச் சின்னதுரையாக வந்தார். 1867இல் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். தன் பங்களா விறாந்தையிலேயே கொழுந்தைக் கையால் உருட்டிப் பழகினார். ஊருக்குத் திரும்பவே இல்லை. 1892இல் அங்கேயே இறந்து கண்டி மஹய்யாவ மயானத்தில் அடக்கமானார். அவரது சவப்பெட்டியை மலையிலிருந்து கண்டிவரை முறைமாற்றிச் சுமந்தவர்கள் தொழிலாளர்கள். தோட்டத்தைச் சொந்தமாக வைத்திருந்தவர் அல்ல அவர், சம்பளக்காரர்தான். மண்ணை அறிந்து உழைத்த அந்த மனிதர்மேல் எனக்கு மதிப்பு உண்டு.

ஆனால் அவர் நட்ட செடியோடு மலையகத் தமிழரான நம் மக்களின் கதையும் மாறியது. காப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் ஆள் அதிகம் தேவை. திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் கங்காணிகளோடு நடந்து வந்தவர்களில் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலை வருடம் முழுக்கக் கை கேட்டது. குடும்பங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே தங்கின. 1948இல் குடியுரிமையை இழந்தார்கள். 1964இன் இலங்கை–இந்திய ஒப்பந்தத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று அவர்களைக் கேளாமலே முடிவானது. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

அந்த அக்காவின் லயத்துக் காம்பராவுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் பீன்ஸும் கோவாவும் போட்டிருந்தார்கள். மண்ணைத் தூளாக்கி, சாணம் கலந்து, சரிவில் கல் அடுக்கிய வேலை, தேர்ந்த விவசாயியின் கைவேலை. “மண்ணு எங்களது இல்ல. வேணும்னா நாளைக்கே எடுத்துக்குவாங்க” என்றார் அவருடைய கணவர்.

கடலைத் தாண்டி, ஒரே மலைக்கு வந்த இரண்டு கூட்டங்களில் ஒன்று துரையாகியது, மற்றது ஐந்து தலைமுறையாகக் கூலியாகவே நிற்கிறது. வித்தியாசம் திறமையில் இல்லை. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயானதற்கே எத்தனை வருடப் போராட்டம்! சம்பளம் உயர வேண்டும், சரிதான். ஆனால் வீடு கட்டச் சில பேர்ச் நிலம் தருகிறோம் என்பதோடு பேச்சை முடிக்கக் கூடாது. தோட்டங்களில் தரிசாகக் கிடக்கும் நிலத்தைப் பயிரிடும் அளவுக்குப் பிரித்து, இந்தக் குடும்பங்களின் பெயரில், பெண்ணின் பெயரையும் சேர்த்து, உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும்.