கயிறு இழுக்குது, மழை தூறுது... பறக்கலாமா?

பாராகிளைடிங்னு சொன்னாலே மலை உச்சியிலிருந்து ஓடிப்போய் குதிக்கிற காட்சிதான் ஞாபகம் வரும். ஆனா மலையே இல்லாத சமவெளியிலயும் பறக்கறாங்க. தரையில ஒரு வின்ச், அதுல சுத்தின நீளமான கயிறு, மறுமுனையில நம்ம ஆளு. வின்ச் இழுக்க இழுக்க மேலே போவார். போதிய உயரம் வந்ததும் கயிறைக் கழட்டி விட்டுட்டு தானா பறக்கணும்.

இதுல பெரிய ஆபத்துக்குப் பேரு லாக்அவுட். சின்ன வயசுல பட்டம் விட்டவங்களுக்கு சட்டுனு புரியும். பட்டம் ஒரு பக்கமா சாயும்போது நூலை இன்னும் இழுத்தா என்ன ஆகும்? இன்னும் சாய்ஞ்சு தரையில வந்து குத்தும். அப்போ நூலைத் தளர விடணும் இல்லையா? இங்கேயும் அதேதான். இறக்கை கயிறு இழுக்கிற திசையை விட்டு விலகிட்டா, இழுக்க இழுக்க விலகல் கூடும். ஒரு அளவுக்கு மேல பிரேக்கால திருத்த முடியாது. வின்ச்காரர் இழுவையைக் குறைக்கணும், பறக்கறவர் உடனே கயிறைக் கழட்டணும். அதிக இழுவை வந்தா அறுந்துபோற மாதிரி நடுவுல 'வீக் லிங்க்'னு ஒண்ணு வைப்பாங்க. ஆனா அதை மட்டும் நம்பக்கூடாது. அது அறுகிற அளவுக்குக் கீழேயே லாக்அவுட் வரலாம். கைக்கு எட்டற இடத்துல ஒரு கத்தி வச்சுக்கறது அதனாலதான்.

அடுத்தது மழை. இறக்கை மேல நீர்த்துளி படிஞ்சா காற்றோட்டம் கெடும். துணி கனமாகும், தண்ணி பின் ஓரத்துல தேங்கும். விளைவு 'டீப் ஸ்டால்'. இறக்கை விரிஞ்ச மாதிரியே தெரியும், ஆனா முன்னால போகாம நேரா கீழே இறங்கும். கயிறு இழுக்கும்போது இறக்கை ஏற்கனவே பின்னாடி சாய்ஞ்ச கோணத்துல இருக்கறதால, ஈர இறக்கையோட வின்ச்ல ஏறறது ரெண்டு ஆபத்தையும் ஒண்ணா கூப்பிடற மாதிரி.

மழை மேகமே இன்னொரு வில்லன். 2007 பிப்ரவரியில ஆஸ்திரேலியாவின் மனிலா ஊர்ல ஜெர்மன் அணி வீராங்கனை ஏவா விஸ்னியர்ஸ்காவை இடிமேகம் உள்ளே இழுத்து 9,946 மீட்டர் உயரத்துக்குக் கொண்டு போச்சு. எவரெஸ்டை விட ஒரு கிலோமீட்டர் மேலே! அரை மணி நேரத்துக்கு மேல மயக்கத்துல பறந்து, உயிரோட இறங்கினாங்க. அதே புயல்ல சிக்கின சீன வீரர் பிழைக்கலை. ரெண்டு பேருமே அனுபவசாலிங்க.

எங்க வகுப்புல நாலு பேர் விடுமுறையில பறக்கப் போறாங்க. முன்பணம் கட்டியாச்சு. அவங்களுக்கு ஒரு காமர்ஸ் பாடம். கட்டின பணம் திரும்ப வராத செலவு, அடுத்த முடிவுல அதைச் சேர்க்கக் கூடாது. அன்னைக்கு தூறல் விழுந்தா, "பரவாயில்ல, சீக்கிரம் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம்"னு யாராவது சொல்லுவாங்க. அப்போ "வேண்டாம்ணே"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போங்கப்பா. அது நஷ்டக் கணக்கே இல்லை.