கண் இமைக்கு வண்ணம்: ஒரு சின்னப் பாடம்



இன்றைய பதிவு ஐ ஷேடோ பற்றி. "ரிட்டயர் ஆன டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்று சிலர் சிரிப்பது காதில் விழுகிறது. சிரியுங்கள், பரவாயில்லை. படித்து முடித்ததும் வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி, கேட்டரிங் படிப்பை முடித்துவிட்டு ஒரு ஹோட்டலில் வரவேற்பறை வேலைக்குச் சேர்ந்தாள். அப்பா பெயிண்டர். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கப் போகும் முதல் ஆள் இவள்தான். மேக்கப் போட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்பது அங்கே விதி. பயிற்சி கொடுத்தவர் எல்லார் முன்னாலும், "உன் கலருக்கு ஐ ஷேடோ எடுக்காதும்மா, நீ உள் வேலைக்குப் போயிடறியா?" என்று கேட்டுவிட்டார். உள் வேலைக்குச் சம்பளம் குறைவு.

நேராக என் வீட்டுக்கு வந்தாள். "டீச்சர், நீங்கதானே ஆண்டு விழாவுக்கு எங்களுக்கெல்லாம் மேக்கப் போடுவீங்க?" என்றாள். நாங்கள் அப்போது போட்டது ரோஸ் பவுடரும் கண் மையும்தான். ஐ ஷேடோவை நான் கற்றது பின்னால், பரதம் ஆடும் என் தங்கை மகளிடம், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது, 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ' என்பதுதான். அவளிடம் கேட்டேன்: "அப்பா சுவருக்கு எடுத்ததுமே கலர் அடிப்பாரா?" "இல்ல டீச்சர், பட்டி பார்த்து, ப்ரைமர் அடிச்சுட்டுத்தான்." பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

1. இமையில் எண்ணெய்ப் பசை இருந்தால் வண்ணம் ஒரு மணி நேரத்தில் மடிப்பில் போய்த் திரண்டுவிடும். முகம் கழுவித் துடைத்துவிட்டு, ஐ ப்ரைமரோ தோல் நிறத்துக்குச் சேரும் கன்சீலரோ ஒரு பொட்டு அளவு எடுத்து மெல்லியதாகத் தடவுங்கள். மேலே கொஞ்சம் பவுடர் ஒற்றினால் வண்ணம் திட்டுத் திட்டாக ஒட்டாது.

2. ஆரம்பத்தில் மூன்று ஷேடு போதும்: வெளிர், நடு, அடர். மூன்றும் மினுமினுப்பில்லாத மேட் வகையாக இருக்கட்டும். பிரஷ் இரண்டு வேண்டும். வண்ணத்தை வைக்கத் தட்டையானது ஒன்று, கலைத்துவிடப் புசுபுசுவென்று இருப்பது ஒன்று.

3. கரும்பலகையில் பந்து வரைந்திருக்கிறீர்களா? எங்கே வெளிச்சமோ அது முன்னால் வரும், எங்கே நிழலோ அது உள்ளே போகும். கண்ணும் ஒரு பந்துதான். வெளிர் ஷேடை இமை முழுக்கப் பூசுங்கள். நடு ஷேடு, கண்ணைத் திறந்து மூடும்போது விழும் மடிப்பில். அடர் ஷேடு கண்ணின் வெளி ஓரத்தில் மட்டும், மூக்குப் பக்கம் வராமல்.

4. பிரஷில் எடுத்ததும் ஒரு தட்டுத் தட்டி, அதிகப்படியை உதிர்த்துவிடுங்கள். குறைவாகத் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகலாம். கூடிப்போனதைக் குறைப்பதுதான் பாடு.

5. இரண்டு வண்ணம் சேரும் இடத்தில் கோடு தெரியக்கூடாது. வெறும் பிரஷால், கார் கண்ணாடி வைப்பர் போல இப்படியும் அப்படியும் மெதுவாக ஓட்டுங்கள். அழுத்த வேண்டாம். புதிதாகப் போடுபவர்கள் அவசரப்பட்டு விடுவது இந்த இடத்தில்தான்.

6. கண்ணை முடித்துவிட்டு முகத்துக்கு வாருங்கள். உதிர்ந்த துகள் கன்னத்தில் விழுந்தாலும் துடைத்துவிடலாம்.

இனி அந்தக் 'கலர்' விஷயம். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஐ ஷேடோ எடுக்காது என்பது சுத்தப் பொய். எடுக்காதது வெள்ளை கலந்த வெளிர் ரோஸும் வெளிர் நீலமும்தான். அவை சாம்பல் பூத்தாற்போல் நிற்கும். நமக்கு 'வெளிர்' என்றால் வெள்ளை இல்லை. நம் தோலின் நிறமோ அதைவிட ஒரு படி வெளுப்போ. நடு ஷேடு தோலைவிட ஒரு படி அடர்த்தி. செம்பு, காப்பிப் பொடி, நாவல்பழம், மருதாணி நிறங்களைக் கறுத்த இமையில் வைத்துப் பாருங்கள், கண் பேசும். குறை தோலில் இல்லை, பெட்டிக்குள் இருக்கும் வண்ணத் தேர்வில்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பு. பிரஷையும் மையையும் தோழிக்குக்கூடக் கொடுக்காதீர்கள். ஆண்டு விழாவில் ஒரே மைக் குச்சி பத்துக் கண்ணுக்குப் போனால், மெட்ராஸ் ஐ வந்த ஒரு பிள்ளை போதும், வகுப்பே கண் சிவந்து உட்கார்ந்திருக்கும். வாரம் ஒருமுறை பிரஷை ஷாம்பூ போட்டுக் கழுவிக் காயவையுங்கள். டப்பாவின் பின்னால் திறந்த மூடிப் படத்துக்குள் 12M, 24M என்று போட்டிருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம்தான் கணக்கு. எரிச்சல் வந்தால் உடனே கழுவுங்கள். இரவு கலைக்காமல் படுக்காதீர்கள்.

மினுமினுக்கும் ஷேடு பிடித்தவர்களுக்கு இன்னொரு செய்தி. அந்த மினுக்கம் பெரும்பாலும் அபிரகம், சின்ன வயதில் நாம் மணலில் பொறுக்கிய காக்காப்பொன். ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி மாவட்டங்களில் கைவிடப்பட்ட சுரங்கங்களில் பிள்ளைகள் அதைப் பொறுக்கிக் கூலி வாங்கி வந்தார்கள். அந்தப் பகுதியில் 6 முதல் 14 வயது வரை 4,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கெடுப்பு சொன்னதாக 2019-ல் செய்தி வந்தது. வருகைப் பதிவேட்டோடு வாழ்ந்தவளுக்கு அதைப் படித்துவிட்டு எளிதில் கடந்து போக முடியவில்லை. வாங்கும்போது, "இந்த மைக்கா எங்கிருந்து வருது?" என்று கம்பெனிக்கு ஒரு மெயிலாவது போடுங்கள். கேள்வி கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

அந்தப் பெண் பத்து நாள் சாயங்காலம் வந்து பழகினாள். முதல் நாள் ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. ஐந்தாம் நாள் இரண்டும் ஒன்றுபோல் வந்தன. பதினோராம் நாள் செம்பு நிறத்தில் இமை தீட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். யாரும் எதுவும் சொல்லவில்லையாம். இப்போது முன் மேஜையில்தான் நிற்கிறாள்.

மேக்கப் போடாமல் இருப்பதும் நம் விருப்பம். ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத ஒரே காரணத்தால் ஒரு பெண் பின்வரிசைக்குத் தள்ளப்படக்கூடாது. அகர முதல எழுத்தோ ஐ ஷேடோவோ, தெரிந்தவர்கள் தெரியாதவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதுதான் முறை.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததைத் தங்கை மகளிடம் கேட்டுச் சொல்கிறேன்.