பல் கூச்சம்

வாப்பாவுக்கு எழுபது வயதிலும் ஒரு பல்கூட விழவில்லை. அதில் அவருக்குப் பெருமை. ஆனால் கலியாண வீட்டில் வட்டிலப்பம் வைத்தால் இடது பக்கத்தால் மட்டுமே மெல்லுவார். ஐஸ் போட்ட சர்பத்தைத் தொடவே மாட்டார். "கூசுது மகன்" என்பார். வயது போனால் அப்படித்தான் என்று உம்மாவும் சொல்லிவிடுவா.

ஒருநாள் அவரை வற்புறுத்திப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போனேன். அவர் முதலில் கேட்டது வயதையல்ல, பல் துலக்கும் விதத்தை. வாப்பா கடினமான பிரஷ்ஷில் உமிக்கரியைத் தொட்டு, அரம் பிடித்தாற்போல் குறுக்காகத் தேய்ப்பவர். அப்படித் தேய்த்தால் முரசு இறங்கி வேர் வெளியே தெரியும். முரசு நோயாலும் இது நேரும். பல்லின் தலைக்கு எனாமல் என்ற கவசம் உண்டு. வேருக்கு அது இல்லை. உள்ளே இருக்கும் டென்டினில் கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. குளிரோ இனிப்போ பட்டதும் அவற்றிலுள்ள திரவம் அசைகிறது. அந்த அசைவே நரம்பைச் சுண்டுகிறது. சுவீடனின் பிரான்ஸ்ட்ரோம் 1960களில் தந்த விளக்கம் இது.

தேசிக்காய்ச் சாறு, சோடா போன்ற புளிப்புகளும் எனாமலைக் கரைக்கும். குடித்த கையோடு பல் துலக்கினால் இளகிய மேற்பரப்பும் தேய்ந்துபோகும். வாயைக் கொப்பளித்துவிட்டு, அரைமணி நேரமாவது பொறுக்க வேண்டும். நித்திரையில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும் கூசும். பல்லைச் சுத்தம் செய்தபின் வரும் கூச்சம் சில நாட்களில் தணிந்துவிடும்.

ஆனால் வாப்பாவின் வலது கடைவாய்ப் பல்லில் குளிர் பட்டதும் எழுந்த வலி, குளிரை எடுத்த பின்பும் நிமிடக்கணக்கில் நின்றது. அது வெறும் கூச்சமல்ல. சூத்தை நரம்பை எட்டிவிட்டது என்றார் டொக்டர். வேர் சிகிச்சை செய்து அந்தப் பல்லைக் காப்பாற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் பிடுங்குவதைத் தவிர வழி இருந்திராது.

கூச்சம் என்றால் நம் பேச்சில் வெட்கமும்தான். அந்த வெட்கத்தில்தான் எத்தனையோ பேர் சொல்லாமல் ஒரு பக்கத்தால் மென்று காலம் தள்ளுகிறார்கள். மென்மையான பிரஷ்ஷும், கூச்சத்துக்கென்று விற்கும் பற்பசையும் சில வாரங்களில் பலருக்குச் சுகம் தரும். தானாக எழும் வலிக்கும், இரவில் எழுப்பிவிடும் வலிக்கும் பற்பசை மருந்தல்ல. வீட்டில் யாராவது ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லுகிறார்களா என்று பாருங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.