மொட்டை மாடியில் 12 மணி 7 நிமிடம்

ஏப்ரல் 17

தாம்பரம் வீட்டு வேலை வந்திருக்கிறது. சார் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். கீழ்த்தளம் பழையது, மேலே புதிதாக ஒரு மாடி எடுக்கிறார். "கரண்ட் பில் கட்டி மாளலை தம்பி. ஜன்னல் எங்கே வைக்கணும், கூரைக்கு என்ன போடணும், கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்றார். கணக்கு வாத்தியாருக்கே கணக்கு!

மாலையில் எனர்ஜிபிளஸ் மென்பொருளில் வீட்டை வரைந்தேன். வானிலைக் கோப்பு மீனம்பாக்கம் விமான நிலையத்துடையது. 8760 மணி நேரத்துக்கும் வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் இருக்கும். ஆனால் அது எந்த ஓர் ஆண்டின் பதிவும் அல்ல. பல ஆண்டுகளிலிருந்து பொறுக்கி ஒட்டிய 'வழக்கமான' ஆண்டு. நடக்காத ஆண்டில், இன்னும் கட்டாத வீடு.

ஏப்ரல் 18

கூரைக்கு வெள்ளை பூசினாலும் கறுப்பு பூசினாலும் ஏசி மின்சாரம் இம்மியும் மாறவில்லை. மூன்று மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. பழைய அடுக்கக வேலை ஒன்றிலிருந்து கூரையை நகலெடுத்திருக்கிறேன். அது நடுத்தளத்து வீடு, மேலே இன்னொரு குடும்பம். அதனால் 'இவ்வழியே வெப்பம் கடக்காது' என்று குறித்திருந்தேன், அந்தக் குறிப்பும் கூடவே வந்துவிட்டது. மென்பொருள் ஓர் எச்சரிக்கைகூடத் தரவில்லை. அதைக் குறை சொல்லி என்ன, நான் சொன்னதைத்தான் அது செய்தது.

ஏப்ரல் 20

கூரை. ஆறு அங்குலக் கான்கிரீட், அதன்மேல் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு, தட்டோடு. நம் ஊர் வழக்கமான வெதரிங் கோர்ஸ். ஒரு சதுர மீட்டரில், ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் கடக்கிறது என்பதுதான் யூ மதிப்பு. கையால் போட்டுப் பார்த்தால் 2.3 வருகிறது. வீடுகளுக்கான மத்திய அரசின் விதித்தொகுப்பு, 2018இன் ஈகோ நிவாஸ் சம்ஹிதா, 1.2க்கு மேல் போகக்கூடாது என்கிறது.

25 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் வெப்பக் காப்புப் பலகை பதித்தால் 0.86. 50 வைத்தால் 0.53. 100 வைத்தால் 0.30. முதல் ஒரு அங்குலம்தான் பெரிய வேலை செய்கிறது. பிறகு காசு ஏறுவதுபோல் பலன் ஏறுவதில்லை. மேலே வெள்ளையும் பூசினால் பலகைக்கு இன்னும் வேலை குறைகிறது. இரண்டையும் தனித்தனியாக ஓட்டி, சேமிப்பைக் கூட்டிச் சொல்கிற அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரே வெயிலை இருவர் தடுத்ததாக இருமுறை எண்ணுகிற கணக்கு அது.

ஏப்ரல் 21

மேற்குச் சுவர். மாலை நான்கு மணிக்குச் சுவரில் 500 வாட் வெயில் என்று வைத்துக்கொண்டால், சாதாரண ஒற்றைக் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 410 வாட்டை உள்ளே விடுகிறது. வெளியே 35, உள்ளே 25 என்றால் கண்ணாடி வழியே கடத்தலால் வருவது 57 தான். நமக்குப் பகை வெயில், வெளிக்காற்றின் சூடு அதற்கப்புறம்தான். குளிர்நாட்டு விளம்பரத்தைப் பார்த்து இரட்டைக் கண்ணாடி கேட்பவர்களிடம் இதைச் சொல்லி அலுத்துவிட்டது.

சன்ஷேடு பற்றியும் ஒரு வார்த்தை. டிசம்பர் நடுப்பகலில் தெற்கு ஜன்னலின் நாலடியில் மூன்றில் இரண்டு பங்கு மறைய, இரண்டடி சன்ஷேடு போதும். கிழக்கு ஜன்னலுக்கு அதே இரண்டடி, மார்ச் மாதம் காலை எட்டேகால் மணிக்கு, ஏறத்தாழ ஓரடிதான் நிழல் தருகிறது.

ஏப்ரல் 22

காப்புக்கு 4 தேர்வு, நிறத்துக்கு 3, கண்ணாடிக்கு 4, சன்ஷேடுக்கு 4. நான்கு சுவர் ஜன்னல் அளவுக்கும் 5 வீதம். பெருக்கினால் 1,20,000 வீடுகள். ஒன்றுக்கு அரை நிமிடம் என்றாலும் இரவு பகலாக ஏறக்குறைய 42 நாள் ஆகும். ஆகவே கான்பூர் ஐஐடியில் கல்யாண்மய் தேவ் குழு 2002இல் வெளியிட்ட என்எஸ்ஜிஏ-2 முறை. நல்ல விடைகளைக் கலந்து, கொஞ்சம் பிறழ வைத்து, தலைமுறை தலைமுறையாகத் தேடும்.

விடிந்து பார்த்தால், சிறந்த வீட்டில் ஜன்னலே இல்லை! ஏசி செலவைக் குறை என்று மட்டும் கேட்டேன், குறைத்திருக்கிறது. நெல் சேமிக்கிற குதிர்தான் கிடைத்தது. வெளிச்சத்தை இரண்டாவது இலக்காகச் சேர்த்தேன். திறக்கக்கூடிய பரப்பு, தரைப் பரப்பில் 16.66 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்கிற சம்ஹிதா விதியையும் போட்டேன்.

ஏப்ரல் 24

இன்று சென்னைக்கு நிழலில்லா நாள். சார் அழைத்திருந்தார். 12 மணி 7 நிமிடத்துக்கு மொட்டை மாடியில் தண்ணீர்க் குடத்தை வைத்தார். நிழல் குடத்துக்கு அடியிலேயே ஒளிந்துகொண்டது. இனி ஆகஸ்ட் 18 வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே. "வடக்கு ஜன்னல்ல வெயில் வராதுன்னு எவன் சொன்னான்?" என்று சிரித்தார். செருப்பில்லாமல் தரையில் நிற்க முடியவில்லை.

இறங்கும்போது யதேச்சையாகக் கேட்டேன், ஏசி எப்போது போடுவீர்கள் என்று. "ராத்திரி பத்துக்குப் போட்டா விடிகாலை அஞ்சுக்கு நிறுத்திடுவோம். படுக்கையறை ஒண்ணுலதான். பகல்ல ஃபேன்."

நான் வைத்திருந்தது காலை 9 முதல் மாலை 6 வரை, எல்லா அறைக்கும். அலுவலகக் கட்டடத்துக்கான அட்டவணை. ஒரு வாரம் தவறான வீட்டை ஓட்டியிருக்கிறேன்.

இரவு திருத்தி ஓட்டினேன். விலை உயர்ந்த கண்ணாடி பட்டியலில் கீழே சரிந்துவிட்டது. ராத்திரியில் ஏது வெயில்? வெளியே 28, உள்ளே 25 என்றால் ஒற்றைக் கண்ணாடியே 17 வாட்தான் விடும். கூரை முதலிடத்துக்கு ஏறியது. பகலெல்லாம் குடித்த சூட்டைக் கான்கிரீட் கக்குவது அவர்கள் படுக்கப் போகிற நேரத்தில்தானே.

ஏப்ரல் 25

விடையைக் கொண்டுபோனேன். 25 மில்லிமீட்டர் பலகை, வெள்ளைத் தட்டோடு, ஒற்றைக் கண்ணாடி, மேற்கில் ஜன்னல் வேண்டாம். மேஸ்திரி பலகையைத் தட்டிப் பார்த்து, மழைத் தண்ணீர் அதன் அடியில் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி, சரிவையும் வாட்டர்புரூஃபிங் வரிசையையும் அவரோடு உட்கார்ந்து வரைந்தேன்.

சார் வீட்டு அம்மா அதுவரை பேசவில்லை. "மேலேயும் சமையலறை வருது இல்ல? மேற்கேதான் கேட் இருக்கு. பால்காரர் வர்றது, பேரன் ஸ்கூல் வேன்ல இறங்கறது எல்லாம் அங்கதான் தெரியும். எனக்கு அங்க ஜன்னல் வேணும்."

சார் என்னைப் பார்த்தார். மேற்கு ஜன்னல், 3 அடிக்கு 4 அடி என்று எழுதி, மாறாத எண்ணாகப் பூட்டிவிட்டேன். வெளிப்பக்கம் மூங்கில் தட்டி. மற்றவற்றைத் தேடச் சொல்லி இன்றிரவு மறுபடி ஓடுகிறது.