ஒற்றைச் சில்லும் யாமும்

மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டி எழுதியபோது, தமிழாசிரியர் ஒருவர் கம்பனைப் பற்றியோ சங்கச் சான்றோரைப் பற்றியோ எழுதுவார் என்றே எதிர்பார்த்திருப்பர். யாமும் அவ்வாறே கருதி இரண்டு தாள் எழுதிக் கிழித்தோம். நாற்பத்து நான்காவது அகவையில் ஒரு வண்டியிலிருந்து யாம் விழுந்த கதையே திரும்பத் திரும்ப எழுதுகோலின் முன்வந்து நின்றது. அதுவும் நம் கல்லூரி நாள்களோடு தொடர்புடையதாகலின் அதனையே எழுதத் துணிந்தோம்.

யாம் துவிச்சக்கர வண்டி ஓடத் தெரியாமலே நம் கல்லூரியிற் படித்து வெளியேறியவர். யாழ்ப்பாணத்தார் இதனை எளிதில் நம்பமாட்டார். 1990 இன் பின் பொருளாதாரத் தடையாற் பெற்றோல் குடாநாட்டை எட்டாதிருந்த காலம் அது. மருத்துவரும் குருக்களும் மணமக்களுங்கூடத் துவிச்சக்கர வண்டியிலேயே சென்றனர். கல்லூரியின் வண்டிக் கொட்டகையில் ஒன்றன்மேலொன்று சாய்ந்து நின்றவற்றுள் எம்முடையது என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்பது வயதிற் சட்டத்தினூடே காலை விட்டு மிதித்துப் பழகப் புகுந்து, ஒழுங்கை முகப்பில் நின்ற வகுப்புத் தோழர் பலர் காண, கிளுவை வேலிக்குள் விழுந்தோம். முள் கிழித்த காயம் எட்டு நாளில் ஆறிற்று. அவர்தம் சிரிப்பு ஆறவில்லை. அன்று தொட்டு, நடப்பதே எமக்கு விருப்பமென்று சொல்லப் பழகினோம். எம்மைத் தம் வண்டியின் முன்சட்டத்தில் ஏற்றிக் கல்லூரி வாயில்வரை கொணர்ந்த நண்பர் சிலர் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து இம்மலரைப் படிக்கக்கூடும். அவர்க்கு யாம் கூறிய காரணம் பொய்யென்பதை இங்கே ஒப்புக்கொள்கின்றோம்.

மிதியைச் சுழற்றியதே இல்லையென்றும் சொல்வதற்கில்லை. மின்சாரமற்ற அவ்விரவுகளில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை வானொலியோடு பொருத்தி, மிதியைக் கையாற் சுழற்றிச் செய்தி கேட்பது வழக்கம். அத்தொழிலில் எமக்கு நிகராவார் எம் ஒழுங்கையில் இருந்திலர்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தனர். கண்டி வீதியில், கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கானோர் அடிமேல் அடிவைத்து நகர்ந்தனர். ஓடத் தெரிந்தவர்க்கும் தெரியாதவர்க்கும் அவ்விரவில் வேற்றுமை இல்லை. எல்லோரும் வண்டியை உருட்டியே சென்றனர். எம் தந்தையார் தமது பழைய றலி வண்டியின் கரியரிற் பாட்டியாரை இருத்தி உருட்ட, வெளிநாடு போன தமையனார் விட்டுச்சென்ற வண்டியில் அரிசிமூட்டையைக் கட்டி யாம் உருட்டினோம்.

எம் குறை தெரிந்தது அதன் பின்னரே. கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு தென்னந்தோட்டத்துக் கொட்டிலில் ஏறக்குறைய ஆறு மாதம் தங்கினோம். நன்னீர்க் கிணறு தொலைவு. நிவாரண அரிசி கொடுக்கும் இடம் அதனினும் தொலைவு. தந்தையாருக்கு அப்போது வயது 52, முழங்காலில் வாதம். வண்டிகள் இரண்டு இருந்தன; ஓடுபவர் அவர் ஒருவரே. ஒருநாள் அன்னையார், “நீ சைக்கிள் ஓடினால் அப்பாவுக்கு இரண்டு நடை குறையும், ராசா” என்றார். தந்தையார், “அவனை விடு” என்றார். பதினைந்து வயதுப் பையன், கொட்டில்தோறும் கண்கள் பார்த்திருக்க, விழுந்து விழுந்து பழகுவதா என்ற நாணம் எம்மைக் கட்டிப்போட்டது. வாளியைக் கையிற் சுமந்தோமேயன்றித் தமையனாரின் வண்டியில் ஏறினோமில்லை. 1996 சித்திரையில் ஊர் மீண்டபோது அதனை உருட்டிக்கொண்டே மீண்டோம்.

பின்னர்க் கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று, இடமாற்றங்கள் பல கண்டு, இறுதியில் யாம் வந்து சேர்ந்த ஊர் அலவத்துகொட. கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்வோர் அக்குறணையைக் கடந்தபின் காணும் ஊர் இது. எம் ஊரிற் கண்டி வீதியென வழங்கும் அதே ஏ-9 பெருவீதிதான் இங்கும் ஓடுகின்றது. முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட அவ்வீதியின் ஓர் அந்தத்திற் பிறந்து மற்றை அந்தத்திற் பிழைக்கின்றோம். 2022 இல் எரிபொருளின்றி நாடு திகைத்து நின்றபோது பலர் துவிச்சக்கர வண்டிக்கு மாறினர். மலைநாட்டு ஏற்றத்தில் அது ஆகாதென்று கூறி யாம் மறுபடியும் நடந்தோம். ஏற்றம் எமக்கு வாய்த்த நல்ல சாக்கு.

எம் வீட்டுரிமையாளராகிய ஹாஜியார் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்பவர். அவருடைய மூத்த மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய கப்பற்பெட்டியொன்றில், போர்வைகளுக்கும் பால்மாவுக்கும் இடையே, அந்த வினோத வண்டி வந்திறங்கியது. ஒரே ஒரு சில்லு. 16 அங்குலம் இருக்கும். இருமருங்கும் பாதம் வைக்க மடக்குத் தட்டு ஒவ்வொன்று. இருக்கை இல்லை, கைபிடி இல்லை, தடுப்புப் பிடியும் இல்லை. சூரியதேவனின் தேருக்குச் சில்லு ஒன்றே என்று புராணம் படித்த எமக்கும், அதில் ஏறி நிற்க ஒரு மானிடன் துணிவான் என்று தோன்றவில்லை.

இதன் வரலாற்றை வினவி அறிந்தோம். அமெரிக்காவில் டீன் கேமன் 2001 இல் வெளியிட்ட செக்வே என்னும் இருசில்லு வண்டி, தானே சமநிலை பேணுவது. அதன்பின் 2004 இல் ட்ரெவர் பிளாக்வெல் என்பார் அவ்வகையில் ஒற்றைச் சில்லு வண்டியொன்றை அமைத்தார். சீனாவிற் பிறந்து அமெரிக்காவில் வாழும் ஷேன் சென் என்பார் 2011 இற் சொலோவீல் என்ற பெயரில் இருக்கையில்லா வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தார். சில்லின் நடுவில் மோட்டார். உள்ளே சரிவை உணரும் ஜைரோஸ்கோப். நிற்பவர் முன்னே சாய்ந்தால், அவர் விழுமுன் சில்லு விரைந்து அவர் காலடிக்கு வந்து தாங்குகின்றது. பின்னே சாய்ந்தால் வேகம் தணிகின்றது. தணியும்போது பிறக்கும் மின்சாரம் மின்கலத்துக்கே திரும்புகின்றது. அளவு மீறி விரைந்தால் தட்டு பின்புறம் சரிந்து எச்சரிக்கும். அதையும் பொருட்படுத்தாதவரைத் தாங்கச் சில்லுக்கு வலு எஞ்சாது.

ஆயினும் ஒன்று. முன்னும் பின்னும் விழாமற் காப்பதே பொறியின் வேலை. இடமும் வலமும் விழாமற் காப்பது ஏறியவர் பொறுப்பு. விழும் பக்கத்துக்கே சில்லைத் திருப்பி நிமிர வேண்டும். துவிச்சக்கர வண்டியின் இரகசியமும் இதுவே. முப்பத்தைந்து ஆண்டாக யாம் ஒளித்து வந்த கணக்கு இங்கும் எம்மைத் தேடி வந்துவிட்டது.

ஆசை எப்படிப் பிறந்ததென்று கேட்பீராயின், ஹாஜியாரின் இளைய மகனே காரணம். பதினோராம் தரத்தில் எம்மிடம் தமிழ் படிப்பவன். வகுப்பில் உரைநடைப் பகுதியை வாசிக்கச் சொன்னால் நான்கு சொல்லுக்கு ஒருமுறை தடுக்கி நிற்பான், காது சிவந்துவிடும். அவனே அவ்வண்டியில் ஏறி, மிளகு காயப்போடும் சீமெந்து முற்றத்தை மேகம்போல் வலம்வந்தான். “சேர், ஒருக்கா ஏறிப் பாருங்களேன்” என்றான். மறுப்புரை நாவுக்கு வந்தது. அவன் முகத்தைப் பார்த்தோம், ஏறினோம், விழுந்தோம்.

2024 ஆகஸ்டில் மிளகு இன்றி முற்றம் வெறுமையாய்க் கிடந்த நாள்கள் அவை. பதிவெண் இல்லாத மின்வண்டியோடு பெருவீதியில் இறங்க எமக்கு மனமில்லை. முற்றமே எம் பள்ளி. தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் அணிந்து, அரைமதிலைப் பற்றிக்கொண்டு, ஒரு காலைத் தட்டிலும் மறுகாலை நிலத்திலும் வைத்துச் சுற்றிச் சுற்றி வருவது முதற்பாடம். வண்டியின் பக்கம் கெண்டைக்காலை அழுத்தி அழுத்தி, மூன்றாம் நாள் இரு கால்களும் நாவற்பழ நிறமாயின. மதிலுக்கு அப்பால் எம் மாணவர் ஐவர் அறுவர் கூடினர். சிரிப்பு எழுந்தது. ஒன்பது வயதிற் கேட்ட அதே சிரிப்பு. இறங்கிப் போய்விடலாம் என்று வீட்டு வாயில்வரை நடந்தோம் என்பதையும் மறைக்காமல் எழுதுகின்றோம்.

திரும்பி வந்தோம். அச்சத்தால் மெல்லச் சென்றோம். மெல்லச் சென்றமையாலேயே விழுந்தோம். வேகம் குன்றினால் ஒற்றைச் சில்லு தள்ளாடும். அஞ்சுபவர்க்கு இதனை நம்புதல் அரிது. பையன் கூடவே ஓடிவந்து, “கீழ பார்க்க வேணாம் சேர். அந்தக் கராம்பு மரத்தைப் பாருங்க” என்பான். விழும்போதெல்லாம் எம் கண் காலடியில் இருந்தது. “பயப்படாம ஏறுங்க” என்று மட்டும் அவன் ஒருநாளும் சொல்லவில்லை. வகுப்பில் அவனிடம் “பயப்படாமல் வாசி” என்று யாம் சொன்ன தடவைகளை எண்ணிப் பார்க்கவும் கூசுகின்றது. அச்சொல்லை இப்போது எம் வகுப்பில் வழங்குவதில்லை. அவன் தடுக்கினால் அடுத்த வரியை யாம் கூடவே வாசிக்கின்றோம்.

பதினேழாம் நாள் மாலை மதிலைவிட்ட கை மறுபடி மதிலைத் தேடவில்லை. கராம்பு மரம் எம்மை நோக்கி வந்தது. இருபது யார் இருக்கும், முற்றம் முடிந்தது, நிறுத்தத் தெரியாமற் சாக்கு அடுக்கின்மேற் சாய்ந்தோம். பையன் கைதட்டினான். ஹாஜியார் திண்ணையிலிருந்தபடி, “நல்லம், நல்லம். சாதிக்காய் காயப்போட முற்றம் எப்ப கிடைக்கும், சேர்?” என்றார்.

டிசெம்பர் விடுமுறையில் ஏ-9 வழியே ஊர் சென்றோம். தந்தையாருக்கு இப்போது 81. அன்னையார் இல்லை. றலி வண்டி விறாந்தைச் சுவரோடு சாய்ந்து துருவேறி நின்றது. சந்திக் கடையில் ரியூப் மாற்றிச் சங்கிலிக்கு எண்ணெய் இட்டு, ஒழுங்கையில் ஏறினோம். ஒற்றைச் சில்லில் தேறியவர்க்கு இரட்டைச் சில்லு எளிதென்று எண்ணியது பிழை. கைபிடி என்ற ஒன்று இருப்பதே குழப்பமாயிற்று. இரண்டு முறை விழுந்தோம். ஒருமுறை பழைய கிளுவை வேலிக்கே. மூன்றாம் முறை ஒழுங்கையின் முடிவுவரை சென்று திரும்பினோம்.

தந்தையார் சாய்மனைக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. சற்றுநேரம் கழித்து மடியிலிருந்து நூறு ரூபாத் தாளொன்றை எடுத்து நீட்டி, “சந்தியில் பேப்பர் வாங்கி வா. கண்டி வீதிக்கு ஏறாதே, லொறி வரும்” என்றார்.

வாங்கி வந்து கொடுத்தோம். மூக்குக்கண்ணாடியை அணிந்து முதற்பக்கத்தை விரித்தவர், தலைநிமிராமலே, “பாணும் வாங்கி வந்திருக்கலாம்” என்றார்.

வண்டியைத் திருப்பினோம்.